முடியில் பின்னிய நினைவு: விக்டோரியா காலத்து முடி நகைகள் பற்றி என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லண்டனில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பழைய சாமான் சந்தையில் ஒரு புரோச், அதாவது உடையில் ஊசியால் குத்திக்கொள்ளும் நகை, வாங்கினேன். பழைய ஒரு ரூபாய் நாணயம் அளவுதான் இருக்கும். ஓரம் தங்க முலாம், நடுவில் கண்ணாடி, கண்ணாடிக்குள் பாய் முடைந்தது போலப் பின்னிய மனித முடி. விடுமுறைக்கு ஊருக்கு எடுத்துப்போய்க் காட்டியதிலிருந்து எனக்கு வேறு வேலையே இல்லாமல் போய்விட்டது. அத்தை, சித்தி, அக்கா வீட்டுக்காரர், பள்ளிக்கூடத் தோழிகள் என்று எல்லாரும் ஒரே கேள்விகளையே கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் வாட்ஸப்பில் தட்டித் தட்டி அலுத்துவிட்டதால் மொத்தமாக இங்கே எழுதிவிட்டேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே போட்டிருக்கிறேன்.

இது நிஜமாவே மனுஷ முடிதானா? நூல் மாதிரில்ல இருக்கு!

மனித முடியேதான். லென்ஸ் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். பட்டு நூல் என்றால் பல நுண்ணிய இழைகள் முறுக்கியிருக்கும். இதில் ஒவ்வொரு முடியும் தனித்தனியாக, வழவழவென்று, ஒரே கனத்தில் பக்கத்தில் பக்கத்தில் படுத்திருக்கும். அங்கங்கே ஒரு நரைமுடியும் கலந்திருக்கும். நூலுக்கு நரைக்காதே.

பிரிட்டனிலும் ஐரோப்பாவின் பல நாடுகளிலும் அமெரிக்காவிலும் 19ஆம் நூற்றாண்டில் இது சாதாரணப் பழக்கம். மோதிரம், லாக்கெட், கம்மல், கைச்சங்கிலி, ஆண்களின் கைக்கடியாரம் வருவதற்கு முந்தைய பாக்கெட் கடிகாரத்துக்கான சங்கிலி, சுவரில் மாட்டும் பூவளையம் என்று எல்லாமே முடியில் செய்தார்கள்.

ஐயோ, செத்தவங்க முடியா?

அதிகம் கேட்கப்பட்ட கேள்வி இதுதான், அதுவும் ஒரு அடி பின்னால் நகர்ந்துகொண்டே கேட்பார்கள். சில நகைகளில் அப்படித்தான். ஆனால் எல்லாவற்றிலும் இல்லை. காதலர்கள் மாற்றிக்கொண்டார்கள். சிநேகிதிகள் ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொண்டார்கள். கணவனின் கடிகாரத்துக்கு மனைவி தன் முடியிலேயே சங்கிலி பின்னிக் கொடுத்தாள். நாம் இன்று போட்டோவை எதற்கெல்லாம் பயன்படுத்துகிறோமோ அதற்கெல்லாம் அவர்களுக்கு முடி.

விக்டோரியா ராணிக்கு 1840 நவம்பரில் முதல் குழந்தை பிறந்ததும் கணவர் ஆல்பர்ட் ஒரு தங்கக் கைச்சங்கிலி கொடுத்தார். அதில் தொங்கும் இதய வடிவ எனாமல் லாக்கெட்டுக்குள் குழந்தையின் முடி. அடுத்தடுத்த குழந்தை பிறக்கப் பிறக்க ஒவ்வொரு நிறத்தில் ஒரு லாக்கெட் சேர்ந்து, கடைசியில் ஒன்பது ஆனது. அந்த நகையில் சாவுக்கு எந்த வேலையும் இல்லை. 1855இல் பிரெஞ்சுப் பேரரசி யூஜினிக்குத் தன் முடி வைத்த கைவளையைப் பரிசாகக் கொடுத்ததும் இதே ராணிதான். உயிரோடு இருக்கும் ஒரு ராணி, உயிரோடு இருக்கும் ஒரு பேரரசிக்குக் கொடுத்தது.

அப்போ இந்தப் பழக்கத்தை ஆரம்பிச்சு வச்சதே விக்டோரியாதானா?

இல்லை. அவருக்கு இருநூறு வருடம் முன்னாலேயே உண்டு. 1649இல் இங்கிலாந்து அரசர் முதலாம் சார்லஸின் தலையை வெட்டியபோது, அவருடைய ஆதரவாளர்கள் அவர் முடியைச் சின்னப் படிகக்கல்லுக்கு அடியில் வைத்து மோதிரமாகப் போட்டுக்கொண்டார்கள். அரசியல் விசுவாசத்தை விரலில் மாட்டிக்கொண்ட மாதிரி. 18ஆம் நூற்றாண்டில் இது பணக்காரக் குடும்பங்களில் பரவிவிட்டது.

விக்டோரியா செய்தது வேறு. 1861 டிசம்பர் 14 அன்று ஆல்பர்ட் 42 வயதில் இறந்தார். அன்று கருப்பு உடுத்திய ராணி, 1901இல் தான் சாகும்வரை அதைக் கழற்றவில்லை. கணவரின் முடி வைத்த லாக்கெட்டையும் அணிந்திருந்தார். நாற்பது வருடம் நாட்டின் தலைவியே துக்கம் காத்தால் ஊர் என்ன செய்யும்? துக்க நகை என்பது ஒரு தனி வியாபாரமாகவே ஆனது.

எத்தனையோ இருக்க, முடியை ஏன் புடிச்சாங்க?

முதல் காரணம், அது கெடாது. உடம்பில் வெட்டினால் வலிக்காத, எடுத்து வைத்தால் அழுகாத, பார்த்ததும் ஆளை அடையாளம் காட்டுகிற பாகம் வேறு எது? நகத்துக்கு அழகில்லை. பல்லை எடுத்தால் வலிக்கும். (பல்லையும் விட்டுவைக்கவில்லை என்பது வேறு விஷயம். 1847இல் பிடுங்கிய மூத்த மகளின் பால் பல்லை முட்செடிப் பூ வடிவப் புரோச்சில் பூவாகப் பதித்து வைத்திருந்தார்கள், அதே ராஜ தம்பதி.)

அப்புறம் போட்டோ. அது 1839இல்தான் உலகத்துக்கு அறிமுகமானது, சாதாரணக் குடும்பத்துக்கு எட்டும் விலைக்கு இறங்க மேலும் பல வருடமானது. ஓவியரை வைத்து முகம் வரைய வசதியானவர்களால்தான் முடியும். குழந்தைகள் நிறையச் சாகும் காலம் அது. ஒரு முகமும் மிஞ்சாத வீட்டில் ஒரு சுருள் முடி மட்டும் மிஞ்சும்.

தலையை விட்டு இறங்கினால் முடிக்கு மதிப்பில்லை, தீட்டு என்று சொல்லி வளர்க்கப்பட்டவர்கள் நாம். சோற்றில் ஒன்று கிடந்தால் தட்டையே தள்ளுகிறோம். எனக்கும் முதலில் ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. ஆனால் நம் பாட்டிகள் சீப்பில் வந்த முடியைச் சுருட்டிச் சுருட்டிச் சேர்த்து வைத்துச் சவுரி கட்டிக்கொண்டவர்கள்தானே? அதை நினைத்ததும் எனக்குக் கூச்சம் பாதி போய்விட்டது.

இத்தனை வருஷத்துல அழுகியிருக்காதா? நாத்தம் அடிக்காது?

அழுகாது, நாறாது. முடி கெரட்டின் என்ற கெட்டியான புரதத்தால் ஆனது. தலைக்கு வெளியே நீண்டிருக்கும் பகுதியில் உயிரணுவும் இல்லை, ஈரமும் அதிகம் இல்லை. அதனால் கிருமிகளுக்கு அதில் பெரிதாக வேலையில்லை. வேலைக்கு எடுக்கும் முன் எண்ணெய்ப் பசை போக வேகவைத்தும் விடுவார்கள். என் புரோச்சை மூக்கில் வைத்தே பார்த்துவிட்டேன், பழைய உலோக வாசனைதான்.

அதற்கு எதிரி வேறு: பூச்சி. கம்பளியை அரிக்கும் அந்துப்பூச்சிக்கும் ஒருவகைச் சின்ன வண்டுக்கும் கெரட்டின்தான் சாப்பாடு. இதைப் பாதுகாப்பு பற்றிய கேள்வியில் மறுபடியும் சொல்கிறேன்.

எப்படிப் பின்னினாங்க? கையாலயா, மெஷினா?

கையால்தான். சங்கிலி, கைவளை போன்றவற்றுக்கு ஒரு தனி மேசை உண்டு. வட்டமான பலகை, நடுவில் ஒரு ஓட்டை. வேறொரு மேசைமேல் வைத்து வேலை செய்யும் குட்டையானதும் இருக்கும், நின்றபடி செய்யும் உயரமானதும் இருக்கும்.

முதலில் முடியைச் சோடா உப்பு கலந்த தண்ணீரில் கால் மணி நேரம் போலக் கொதிக்க வைத்து, உலர்த்தி, நீளவாரியாகப் பிரிப்பார்கள். அப்புறம் எண்ணுவார்கள், ஆமாம், உண்மையிலேயே ஒவ்வொரு முடியாக. ஓர் இழைக்கு இருபது, முப்பது முடி என்று எண்ணிக் கட்டி, நுனியில் நூல் முடிந்து, நூலின் முனையில் ஈயக் குண்டு தொங்கவிடுவார்கள். இப்படிப் பதினாறோ அதற்கு மேலோ இழைகள் மேசை விளிம்பைச் சுற்றித் தொங்கும். எல்லா இழைகளின் மறுமுனையும் நடுவில் ஒன்றாகக் கட்டப்பட்டு ஓட்டை வழியே இறங்கும். கீழே அதற்கு ஓர் எதிர் எடை. நடுவில் ஒரு கம்பியோ மெல்லிய குழலோ நிற்கும், அதைச் சுற்றித்தான் பின்னல் ஏறும். எந்த இழையைத் தூக்கி எந்த இழைக்கு அந்தப் பக்கம் போடுவது என்பதுதான் வித்தை. ஒரு சுற்றில் ஓர் இழை மாறிப்போனாலும் வடிவம் கோணிவிடும். வாசலில் புள்ளி தப்பிய சிக்குக்கோலம் போட்டவர்களுக்கு அந்த வலி புரியும்.

பின்னி முடித்ததும் கம்பியோடு சேர்த்து மறுபடி கொதிக்க வைத்து உலர்த்துவார்கள். சூட்டில் முடி அந்த வடிவத்திலேயே நின்றுவிடும். கம்பியை உருவி எடுத்தால் உள்ளே வெறுமையான, தொட்டால் வலைபோல் நெளிகிற ஒரு குழல் மிஞ்சும். பிறகு நகைக்கடையில் கொடுத்துத் தங்கக் கொக்கி, மூடி எல்லாம் பொருத்திக்கொள்வார்கள். எடையே இருக்காது. கம்மல் ஒன்றைக் கையில் வாங்கியபோது காய்ந்த இலையை வைத்த மாதிரி இருந்தது.

கண்ணாடிக்குள்ள மரம், கல்லறை எல்லாம் வரைஞ்ச மாதிரி இருக்கே, அதுவும் முடியா?

அதுவும்தான். அது வேறு முறை. முடியைப் பிசின் தடவிய மெல்லிய தாளில் சமமாகப் பரப்பி ஒட்டி, காய்ந்ததும் இலை, இதழ் என்று வெட்டி, தந்தத் தகட்டிலோ பால்நிறக் கண்ணாடியிலோ ஒட்டுவார்கள். இன்னொரு வகையில், ஒரு சுருளைச் சூடான இரும்பால் இறகு மாதிரி வளைத்து, அடியில் தங்கக் கம்பியும் குட்டி முத்தும் வைத்துக் கட்டுவார்கள். இரண்டு மூன்று இறகு ஒன்றாகச் சாய்ந்து நிற்கும்.

நான் வாய் பிளந்து நின்றது மூன்றாவது வகையைப் பார்த்து. முடியைப் பொடிப் பொடியாக நறுக்கி, பழுப்புச் சாயத்தோடு குழைத்து, தந்தத்தில் தூரிகையால் படம் வரைவார்கள். ஒரு தாழி, ஒரு கல்லறை, மேலே கிளைகளைத் தொங்கவிட்ட வில்லோ மரம், பக்கத்தில் தலைகவிழ்ந்த ஒரு பெண். 18ஆம் நூற்றாண்டுக் கடைசியில் ஆரம்பித்த பாணி. இறந்தவரின் படம் அல்ல, இறந்தவரைக் கொண்டே வரைந்த படம்.

சுவத்துல மாட்டுற பெரிய வளையம்? அதுல எத்தனை பேர் முடி இருக்கும்?

ஒரு குடும்பமே இருக்கும். பின்னல் ஊசி போன்ற ஒரு குச்சியில் முடிக்கற்றையைச் சுற்றி, மெல்லிய கம்பியால் அடியில் முறுக்கி இறுக்கிக்கொண்டே போவார்கள். குச்சியை உருவினால் வரிசையாகக் குட்டி வளையங்கள் மிஞ்சும். அதை வளைத்தால் இதழ், இலை, மொட்டு. தாத்தாவின் நரையில் ஒரு பூ, மகளின் செம்பட்டையில் ஒரு பூ என்று சேர்த்து வளையமாக்கிக் கண்ணாடிப் பெட்டியில் மாட்டுவார்கள். சிலவற்றில் ஒவ்வொரு பூவுக்கும் எண் குறித்த சின்னச் சீட்டும், பின்னால் பெயர்ப் பட்டியலும் இருக்கும். அமெரிக்காவில் இது மிகப் பிரபலம். தேவாலயப் பெண்கள் குழுவாகவும் தோழிகள் குழுவாகவும் செய்திருக்கிறார்கள்.

நிறைய வளையங்கள் முழு வட்டமாக இருக்காது, குதிரை லாடம் மாதிரி மேல்பக்கம் திறந்திருக்கும். வானத்தைப் பார்த்துத் திறந்தது என்றும், அதிர்ஷ்டம் கொட்டாமல் இருக்க என்றும் இரண்டு விதமாகவும் சொல்வார்கள்.

இதுக்கெல்லாம் தலையையே மழிச்சிருப்பாங்க போலயே?

தேவையில்லை. மோதிரத்துக்கும் லாக்கெட்டுக்கும் ஒரு சிட்டிகை போதும். சங்கிலி, கைவளைக்குத்தான் நிறைய வேண்டும். பின்னும்போது நீளம் நன்றாகக் குறைந்துவிடுவதால் செய்யப்போகும் நகையைவிட இரண்டு மடங்கு நீளமான முடி வேண்டியிருந்தது. அதனால் ஒன்று ஊகிக்கலாம்: நீளமான முடிச் சங்கிலியைப் பார்த்தால், அது பெரும்பாலும் நீண்ட கூந்தல் கொண்ட ஒரு பெண்ணுடையது, அவள் அதை உயிரோடிருக்கும்போது கொடுத்திருக்கவும் வாய்ப்புண்டு.

அலங்கார மேசையில் மூடியில் ஓட்டை வைத்த ஒரு பீங்கான் கிண்ணமும் வைத்திருப்பார்கள், சீப்பில் வந்த முடியை அதற்குள் போட. பெரும்பாலும் கொண்டைக்குள் வைத்து உப்பலாகக் காட்டத்தான் அது பயன்பட்டது. மேலே சொன்ன சவுரி நினைவுக்கு வருகிறதா?

கடைக்காரன் வேற யார் முடியையாவது வச்சுக் கொடுத்துட்டா?

கேட்டவர் பஜாரில் நகை வேலை பார்க்கும் ஒரு அண்ணன். எத்தனையோ பேர் கேட்டதில் இதுதான் சரியான கேள்வி, ஏனென்றால் இந்தக் கலையே இந்தச் சந்தேகத்தைச் சுற்றித்தான் சுழன்றது. தங்கம் உருக்கினாலும் தங்கம். முடி அப்படியில்லை. யாருடையது என்ற நம்பிக்கை போனால் அது வெறும் குப்பை.

அப்படி ஏமாற்றுகிறார்கள் என்ற பேச்சு அப்போதே இருந்தது. கொடுத்த முடி குட்டையாக இருந்தது, பின்னும்போது உடைந்தது, நேரம் இல்லை; எடு கடையில் இருக்கும் அதே நிறத்து முடியை. யாருக்குத் தெரியப்போகிறது? இந்தப் பயத்தால்தான் சில கைவினைஞர்கள் வாடிக்கையாளர் கண்முன்னாலேயே வேலை செய்வதாக உறுதி சொன்னார்கள். இன்னொரு பக்கம், வீட்டிலேயே செய்யக் கற்றுக்கொடுக்கும் புத்தகங்கள் வந்தன. 1867இல் அமெரிக்காவில் மார்க் கேம்பெல் என்பவர் வெளியிட்ட கையேட்டின் முன்னுரையிலேயே, நீங்களே பின்னினால் அது உங்கள் அப்பா, அம்மா, குழந்தையின் முடிதான் என்ற நிம்மதி கிடைக்கும் என்ற வாதம் வருகிறது. அதைப் படித்தபோது, இத்தனை வருடம் தள்ளி அந்த அண்ணன் கேட்ட கேள்வி எனக்கு ஞாபகம் வந்தது.

அப்போ இதைச் செஞ்சவங்க யாரு? வீட்டுப் பொம்பளைங்களா, ஆசாரிகளா?

இரண்டும். லண்டன், பாரிஸ் மாதிரி நகரங்களில் இதற்கென்றே கடைகள் இருந்தன, 1851இல் லண்டனில் நடந்த மாபெரும் கண்காட்சியில் முடி வேலைப்பாடுகளையும் வைத்தார்கள். அமெரிக்காவில் பிலடெல்பியாவிலிருந்து வந்த கோடீஸ் லேடீஸ் புக் என்ற பெண்கள் பத்திரிகை செய்முறையும் போட்டது, முடியைத் தபாலில் அனுப்பினால் நகையாகச் செய்தும் கொடுத்தது. மோதிரம் 1 முதல் 2 டாலர், கைவளை 3 முதல் 15 டாலர் என்று விலைப்பட்டியல். அம்மாவின் முடியை உறையில் போட்டுத் தபால்காரரிடம் கொடுத்துவிட்டுக் காத்திருந்தவர்களின் மனநிலையை முந்தைய கேள்வியோடு சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள்.

எனக்குப் பிடித்தவர்கள் சுவீடன்காரிகள். தலார்னா பகுதியில் வோம்ஹூஸ் என்று ஒரு கிராமம். நிலம் போதாது, பஞ்சம் வரும். 19ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் அந்த ஊர்ப் பெண்கள் முடி பின்னும் வேலையைக் கற்றுக்கொண்டு, இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து, பின்னல் மேசையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். டென்மார்க், ஜெர்மனி, ரஷ்யா, இங்கிலாந்து, ஸ்காட்லாந்து என்று ஊர் ஊராக. மொழி தெரியாது. உடுத்தியிருந்தது தங்கள் ஊர் உடை, அதுவே விளம்பரம். வருடக்கணக்கில் சுற்றிச் சம்பாதித்து வீட்டுக்கு அனுப்பினார்கள். இந்த நகை என்றதும் பட்டு மெத்தையில் சாய்ந்து அழும் சீமாட்டியை மட்டும் நினைக்காதீர்கள், மூட்டையோடு கப்பலேறிய இந்தப் பெண்களையும் நினையுங்கள்.

நம்ம ஊர் கோயில் முடியெல்லாம் வெளிநாட்டுக்குப் போகுதே, அதுவா இது?

இல்லை. அது விக், சவுரி வியாபாரம், யார் முடி என்பதே அங்கே முக்கியமில்லை. இங்கே யார் முடி என்பதைத் தவிர வேறெதுவும் முக்கியமில்லை.

துக்கத்துக்குச் செஞ்சதா, அன்புக்குச் செஞ்சதான்னு எப்படிக் கண்டுபுடிக்கிறது?

பின்பக்கம் திருப்பிப் பாருங்கள். பெயர், இறந்த தேதி, வயது செதுக்கியிருந்தால் சந்தேகமில்லை. ஓரத்தில் கருப்பு எனாமல், ‘நினைவாக’ என்ற பொருளில் ஆங்கில வாசகம் இருந்தாலும் துக்க நகைதான். வெள்ளை எனாமல் என்றால் இறந்தது குழந்தையோ கல்யாணமாகாதவரோ என்று கொள்வது வழக்கம். குட்டி முத்துக்கள் கண்ணீர்த் துளி. மாறாக இதயம், பூட்டு, நீலப்பூ, இரண்டு பேரின் முதலெழுத்து, இரண்டு நிற முடி சேர்ந்த பின்னல் என்றால் அன்பின் பக்கம் சாயலாம். ஆனால் இதை மட்டும் வைத்துச் சத்தியம் செய்யாதீர்கள். காதலிக்கும்போது வாங்கிய லாக்கெட்டே துணை போனபின் துக்க நகை ஆகியிருக்கும், ஆசாரியிடம் போய்த் தேதி மட்டும் செதுக்கிக்கொண்டு வந்திருப்பார்கள்.

துக்க நகை எல்லாவற்றிலும் முடி இருக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன். யார்க்‌ஷயரின் விட்பி கடற்கரையில் கிடைக்கும் ஜெட் என்ற கருப்புப் பொருள்தான் அதிகம். பார்க்கக் கல், உண்மையில் பல கோடி வருடம் மண்ணுக்கடியில் கிடந்த மரம்.

குதிரை முடியை மனுஷ முடின்னு வித்துடுவாங்களாமே?

குதிரைவால் முடியிலும் நகைகள் செய்தார்கள், அதுவும் நேர்மையான தொழில்தான். அது கனமாக, விறைப்பாக, முரட்டுத்தனமாக இருக்கும், விரலால் நெருடினாலே வித்தியாசம் தெரியும். சந்தையில் ‘விக்டோரியா காலம்’ என்று நீட்டுபவற்றில் புதிதாகச் செய்ததும் கலந்திருக்கிறது. பழைய உலோகக் கூட்டில் புது முடி வைத்திருந்தால் கண்ணாடியின் ஓரத்தில் தெரியும், திறந்து மூடிய கீறல் இருக்கும்.

டிஎன்ஏ டெஸ்ட் பண்ணினா யாருன்னு தெரிஞ்சிடாதா?

படத்தில் காட்டுவது போல அவ்வளவு லேசில்லை. கத்தரித்த முடியில் வேர் இருக்காது, வேரில்தான் டிஎன்ஏ நிறைய. இருந்தாலும் இப்போதைய முறைகளால் வேரில்லாத பழைய முடியிலிருந்தும் எடுக்கிறார்கள், அதற்கு முடியைக் கரைத்து அழிக்க வேண்டும். ஒப்பிட வாரிசும் வேண்டும்.

இசைமேதை பீத்தோவன் கதையைக் கேளுங்கள். 1827இல் வியன்னாவில் அவர் இறந்தபோது ஃபெர்டினாண்ட் ஹில்லர் என்ற 15 வயது மாணவர் ஒரு கற்றையை வெட்டியதாகவும், அதுதான் இது என்றும் ஒரு லாக்கெட் தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வந்தது. 1994இல் ஏலத்தில் விற்றது. சோதித்ததில் ஈயம் ஏராளம். பீத்தோவனுக்கு ஈய விஷம் என்று உலகம் முழுக்கப் பேசினார்கள். 2023இல் மரபணு ஆராய்ச்சி வந்தது: அந்த முடி ஒரு பெண்ணுடையது! பீத்தோவன் முடி என்று சொல்லப்பட்ட எட்டுக் கற்றைகளை எடுத்துப் பார்த்ததில் ஐந்துதான் உண்மையானவை என்று தேறியது. (அப்புறம் உண்மையான கற்றைகளிலும் ஈயம் அதிகம் என்று கண்டுபிடித்தார்கள், அது தனிக் கதை.) பஜார் அண்ணன் கேட்டது எவ்வளவு சரியான கேள்வி என்று இப்போது தெரிகிறதா?

எவ்வளவு விலை போகும்? எங்க வீட்டுப் பக்கத்துல ஒரு ஆங்கிலோ இந்தியப் பாட்டிகிட்ட ஒண்ணு இருக்கு.

யார் முடி என்பதைப் பொறுத்தது. பெயரில்லாத சின்னப் புரோச்சை ஒரு நல்ல சாப்பாட்டுச் செலவில் நான் வாங்கினேன். ஆனால் 2019இல் பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் பழம்பொருள்களை மதிப்பிடும் நிகழ்ச்சிக்கு ஒரு பெண் மோதிரம் ஒன்று கொண்டுவந்தார், பரண்மேல் பெட்டியில் கிடந்தது. உள்பக்கத்தில் ஒரு சின்ன மூடி, திறந்தால் மெல்லிய பின்னல் முடி, கூடவே எழுத்தாளர் சார்லட் பிராண்டியின் பெயரும் அவர் இறந்த 1855 மார்ச்சும். முடி இல்லாவிட்டால் 25 பவுண்ட், இதோடு 20,000 பவுண்ட் என்றார் நிபுணர். பாட்டியிடம் விலை கேட்பதைவிட, அது யாருடையது என்று கேட்டு எழுதிவையுங்கள். அவருக்குப் பிறகு அதைச் சொல்ல ஆளிருக்காது.

அழுக்கா இருக்கு, ஷாம்பு போட்டுக் கழுவலாமா?

கூடவே கூடாது. பிசினில் ஒட்டிய வகை என்றால் தண்ணீர் பட்டதும் மரமும் கல்லறையும் தனித்தனியாக மிதக்கும். கண்ணாடி மேல் உலர்ந்த மென்துணியால் துடைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வெயில் பட்டால் நிறம் வெளிறும். ஈரக்காற்றும் ஆகாது, நம் கடற்கரை ஊர்களில் அலமாரிக்குள் வைத்தாலும் அவ்வப்போது எடுத்துப் பாருங்கள். பூச்சி விழுந்தால் அடியில் பொடி உதிர்ந்திருக்கும். பாச்சை உருண்டையைப் பக்கத்தில் போடாதீர்கள், பழைய பிசினுக்கும் எனாமலுக்கும் அது நல்லதில்லை.

இவ்வளவு அழகா இருந்தது ஏன் நின்னு போச்சு?

போட்டோ மலிவானது. லாக்கெட்டில் முன்னால் படம், பின்னால் முடி என்று கொஞ்ச காலம் இரண்டும் ஒன்றாக இருந்தன. பிறகு படம் மட்டும். வீட்டுக் கட்டிலில் நடந்த சாவு ஆஸ்பத்திரிக்குப் போனது. கிருமி பற்றிய பயம் வந்தது. 1914இல் தொடங்கிய உலகப்போரில் ஊர் ஊராகப் பையன்கள் செத்தபோது பழைய நீண்ட துக்க முறைகளுக்கு அர்த்தமே இல்லாமல் போனது, பல உடல்கள் திரும்பிக்கூட வரவில்லை. 1920களில் பெண்கள் கூந்தலைக் கத்தரித்துக் குட்டையாக்கினார்கள். பின்ன முடியும் இல்லை.

ராணி மட்டும் கடைசிவரை விடவில்லை. 1901இல் அவரைப் பெட்டியில் வைத்தபோது ஆல்பர்ட்டின் அங்கியும் அவர் கையின் வார்ப்பும் கூட வைக்கப்பட்டன. ராணி எழுதிவைத்திருந்த ரகசிய விருப்பப்படி, அவருடைய ஸ்காட்லாந்துப் பணியாள் ஜான் பிரவுனின் படமும் ஒரு கற்றை முடியும் ராணியின் இடக்கையில் வைக்கப்பட்டன. குடும்பத்தார் கண்ணில் படாமல் மருத்துவர் பூவால் மறைத்தாராம்.

இப்ப யாராவது செய்றாங்களா? எங்க போய்ப் பாக்கலாம்?

வோம்ஹூஸில் அந்த மேசைப் பின்னல் இன்னும் உயிரோடு இருக்கிறது. அம்மா, பாட்டியிடம் கற்றவர்கள் இன்றும் செய்கிறார்கள். பிரிட்டனில் பெரிய அருங்காட்சியகங்களின் நகைப் பிரிவில் தேடினால் நிச்சயம் நாலு கண்ணில் படும்.

அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் இண்டிபெண்டன்ஸ் என்ற ஊரில் லீலா கோஹூன் என்ற சிகையலங்காரப் பெண்மணி, 1956இல் ஈஸ்டருக்குச் செருப்பு வாங்கப் போன இடத்தில் ஒரு முடி வளையத்தைப் பார்த்துச் செருப்பை விட்டுவிட்டு அதை வாங்கினார். அங்கே ஆரம்பித்து 600க்கும் மேற்பட்ட வளையங்கள் சேர்த்து ஓர் அருங்காட்சியகமே நடத்தினார். 2024இல் அவர் காலமானார், அதற்குப் பிறகு சேகரிப்பைப் பல அருங்காட்சியகங்களுக்குப் பிரித்துக் கொடுக்கத் தொடங்கினார்கள்.

சரி, உன் புரோச்சுல இருக்கறது யாரு?

பின்பக்கம் பெயரில்லை, தேதியில்லை, ஒரு முதலெழுத்துகூட இல்லை. முன்பக்கம் இரண்டு நிறம் மட்டும்: ஒன்று கரும்பழுப்பு, இன்னொன்று நரை. ஒன்றுக்குள் ஒன்றாக, மாற்றி மாற்றி.

முதல் நாள் “கருமம், இதையா காசு கொடுத்து வாங்கினே, வாசலோட வை” என்று கத்தியவர் என் அத்தை. மூன்றாம் நாள் சாயந்தரம் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து, அதை ஜன்னல் பக்கம் எடுத்துப்போய் வெகுநேரம் பார்த்தார். “நரைச்சது அம்மா, கருப்பு மக. புருஷன் பொண்டாட்டின்னா இவ்வளவு பொறுமையா யாரு பின்னி வைப்பா?” என்றார். மறுக்க என்னிடம் ஆதாரம் இல்லை.